சேறு படிந்த சேலைக்கு ஒரு விலை: பேரிடர் நிவாரணத்தில் உள்ளூர்க் கலையும் அக்கம்பக்கத்துக் கடைகளும்

2018-ஆம் ஆண்டு திருவோணம் ஆகஸ்ட் 25-ஆம் தேதி வந்தது. கேரளத்தின் எறணாகுளம் மாவட்டத்தில் வடக்குப் பறவூரை அடுத்துள்ள சேந்தமங்கலம் கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு நெய்யப்படும் வேட்டிக்கும், பெண்கள் உடுத்தும் இரு துண்டு ஆடையான செட்டு முண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. கைத்தறித் துணியை ஆண்டு முழுவதும் யாராவது வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள் என்றாலும், அவ்வூர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பெரிய விற்பனை ஓணத்துக்கு முந்தைய சில வாரங்களில்தான் நடக்கும். நம் ஊர் ஜவுளிக் கடைகளுக்குத் தீபாவளி எப்படியோ அப்படி. அந்த ஆகஸ்டிலும் நெய்து முடித்த சேலைகளும் முண்டுகளும் மடித்து அடுக்கப்பட்டு விற்பனைக்குக் காத்திருந்தன. திருவோணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரியாற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சங்கக் கட்டடங்களைத் திறந்தவர்கள் கண்டவை சேறு அப்பிய துணி மூட்டைகளும், மரம் ஊறி உப்பிய தறிகளும், நெய்பவர் கால் இறக்கி மிதிக்கும் தறிக்குழிகளில் நிரம்பிய கலங்கல் நீரும்தான்.

அந்த நெசவாளருக்கு எந்த உதவி வேண்டும்? முதல் வாரத்தில் அரிசியும் குடிநீரும் மாற்றுத்துணியும் மருந்தும் வேண்டும். அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து அவருக்கு வேண்டியது வேறொன்று: தறி மறுபடி ஓட வேண்டும், நெய்ததை வாங்க ஆள் வேண்டும், பாழாய்ப்போன சரக்கில் முடங்கிவிட்ட பணம் எப்படியாவது கைக்குத் திரும்ப வேண்டும். இந்த இரண்டாவது வகை உதவியைச் செய்வதில் உள்ளூர்க் கலைக்கும், தெருவிலுள்ள சிறு கடைகளுக்கும் தொழில்களுக்கும் ஒரு தனி இடம் உண்டு. அது எப்படி நடக்கிறது என்பதை, இத்துறைக்குப் புதியவர்களுக்குப் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீட்பு, நிவாரணம், மறுவாழ்வு

பேரிடர் உதவியை மூன்று கட்டமாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். உயிரோடு இருப்பவர்களை வெளியே கொண்டுவருவது மீட்பு. அவர்களுக்கு உணவும் தங்குமிடமும் மருந்தும் தருவது நிவாரணம். அவர்கள் தம் வீட்டுக்கும் தம் வேலைக்கும் திரும்ப வழி செய்வது மறுவாழ்வு. முதலிரண்டும் நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் முடிபவை. மூன்றாவது ஆண்டுக் கணக்கில் நீளும். கேரள வெள்ளத்தில் உச்சகட்டத்தின்போது ஏறத்தாழ 14 லட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பிவிட்டார்கள். ஆனால் மாநிலம் பழைய நிலைக்கு மீள ஏறத்தாழ 31,000 கோடி ரூபாய் தேவைப்படும் என்று அதன்பின் நடந்த மதிப்பீடு கணக்கிட்டது. முகாம் காலியாவதோடு துயரம் முடிவதில்லை என்பதற்கு இந்தத் தொகையே சான்று.

நன்கொடையாளரின் மனம் பெரும்பாலும் முதல் இரண்டு கட்டங்களோடு நின்றுவிடுகிறது. தொலைக்காட்சியில் வெள்ளம் தெரியும்வரை லாரி லாரியாகப் பொருள் போகும். அதுவும் கேட்காத பொருளாகப் போகும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்துச் சாலையோரங்களில், எவரும் எடுக்க விரும்பாத பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது பலருக்கு இன்றும் நினைவிருக்கும். கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆயினும், உழைத்து உண்டவர்கள் முன் பிறர் உடுத்திக் கழித்ததைக் கொட்டியது அவர்கள் மனத்தை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இலவசப் பொருளுக்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. ஊருக்குள் இரண்டு மாதம் தொடர்ந்து இலவச அரிசியும் எண்ணெயும் வந்தால், அதே வெள்ளத்தில் சரக்கை இழந்துவிட்டு எப்படியோ கடையைத் திறந்த மளிகைக்காரருக்கு வியாபாரம் இராது. அவர் கடையை மூடினால், நிவாரணம் நின்ற பிறகு ஊராருக்கு அரிசி வாங்க இடம் இராது. ஆகவே, எந்தக் கட்டத்தில் இலவசத்தை நிறுத்திவிட்டு வாங்கவும் விற்கவும் வழி செய்வது என்பது நிவாரணப் பணியில் மிக முக்கியமான தீர்மானம். உள்ளூர்க் கலையும் கடையும் பயன்படத் தொடங்குவது அந்தத் திருப்பத்தில்தான்.

சேக்குட்டி

சேந்தமங்கலத்துக்குத் திரும்புவோம். கறை படிந்த சேலையை எவரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள்; பாதி விலைக்கும் வாங்கமாட்டார்கள். எரித்துவிடுவது ஒன்றே வழி என்ற நிலையில் இருந்த துணியை, கொச்சியைச் சேர்ந்த வடிவமைப்பாளர் லட்சுமி மேனனும், உள்ளூராருக்கும் சூழலுக்கும் நன்மை தரும்படி நடத்தப்படும் பொறுப்புச் சுற்றுலாத் துறையில் இயங்கிவந்த கோபிநாத் பாறயிலும் வேறு கண்ணால் பார்த்தார்கள். கரிம்பாடம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பாழான சேலைகளைப் பெற்று, குளோரின் கலந்து துவைத்து, கொதிநீரில் இட்டுக் கிருமி நீக்கி, சிறுசிறு துண்டுகளாக வெட்டி, அவற்றைப் பொம்மையாக்கினார்கள். பொம்மைக்குச் சேக்குட்டி என்று பெயர். சேற்றைத் தாண்டி வந்த குழந்தை என்றும், சேந்தமங்கலத்துக் குழந்தை என்றும் அந்தப் பெயரை விரிக்கிறார்கள்.

பொம்மை மிக எளிது. உள்ளங்கைக்குள் அடங்கும். துணியைச் சுருட்டி நூலால் இறுக்கித் தலையாக்கி, மிச்சத்தை உடலாகத் தொங்கவிட்டு, முகத்துக்குப் புள்ளியிட்டால் முடிந்தது; தையல் தெரியாதவரும் செய்யலாம். அதன் அழகு வேறோரிடத்தில் இருக்கிறது. துவைத்தும் போகாத கறை ஒன்றின் கன்னத்தில் இருக்கும், இன்னொன்றின் பாவாடையில் இருக்கும். ஒன்றில் சரிகைக் கரை வந்திருக்கும், மற்றொன்றில் வெறும் வெள்ளைதான் இருக்கும். ஆகவே எந்த இரண்டு பொம்மையும் ஒன்றுபோல் இராது. எந்தக் கறை சேலையை விற்கமுடியாமல் ஆக்கியதோ அதே கறையே பொம்மையை வாங்கத்தக்கதாக ஆக்கியது. இத்தகைய வேலையில் கலை செய்யும் மாற்றம் என்று நான் சொல்வது இதைத்தான்: இழப்பை மறைக்காமல், அதையே பொருளின் மதிப்பாக மாற்றுவது.

இதன் கணக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1,300 முதல் 1,500 ரூபாய் வரை விற்கக்கூடிய ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள் செய்ய முடிந்தது. பொம்மை ஒன்று 25 ரூபாய். ஆக, எரிக்கப்படவிருந்த ஒரு சேலை 9,000 ரூபாய் ஈட்டித் தந்தது. பொம்மை செய்தவர்கள் பல ஊர்களில் தன்னார்வலராகக் கூடிய மாணவர்களும் குடும்பத்தினரும் அலுவலக ஊழியர்களும் ஆகையால் கூலிச் செலவு இல்லை. விற்ற பணம் நெசவாளர்களுக்குச் சேர்ந்தது.

இங்கே தொடக்கநிலை வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 25 ரூபாய் என்பது எவராலும் கொடுக்கக்கூடிய தொகை. ஐயாயிரம் ரூபாய் நன்கொடை தர முடியாத பள்ளி மாணவரும் ஒரு சேக்குட்டியை வாங்கிப் பையில் தொங்கவிடலாம். பார்ப்பவர் அது என்ன என்று கேட்பார். கேட்டவருக்குச் சேந்தமங்கலத்தின் கதை போய்ச் சேரும். நன்கொடைச் சீட்டு அலமாரிக்குள் போய்விடும், பொம்மையோ ஊர் சுற்றும். அதே வெள்ளத்துக்காக 2019 ஜனவரியில் கலைத் திருவிழா நடத்தும் கொச்சி பினாலே அறக்கட்டளையும் ஒரு கலை ஏல நிறுவனமும் இணைந்து புகழ்பெற்ற ஓவியர்களின் படைப்புகளை ஏலம் விட்டு நிதி திரட்டின. அதுவும் பெரும் பணிதான். ஆனால் ஏலக்கூடத்துக்குள் நுழையக்கூடியவர் சிலர். 25 ரூபாய்ப் பொம்மைக்கு வாசல் எல்லோருக்கும் திறந்திருந்தது. அக்கம்பக்கம் சார்ந்த முயற்சி என்று பேசும்போது எனக்கு இந்த இரண்டாவது வழியே அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது.

விற்காத பொம்மை

சேக்குட்டிக்கு ஓர் அக்கா உண்டு; அவள் நம் கடற்கரையில் பிறந்தவள். ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆரோவில்லைச் சேர்ந்த உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிறுவனம், உமா பிரஜாபதியின் முன்முயற்சியில், சுற்றுவட்டார மீனவக் கிராமங்களைச் சேர்ந்த சில நூறு பெண்களுக்குத் துணிக் கழிவிலிருந்து குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். முதலில் அது பணத்துக்காக எழுந்த யோசனை அன்று. அலையில் எல்லாவற்றையும் பறிகொடுத்து, கடலைப் பார்க்கவே அஞ்சியிருந்த பெண்கள் ஒரே இடத்தில் கூடி உட்காரவும், கைக்கு ஒரு வேலை இருக்கவும், பேசவும் அழவும் ஓர் இடம் கிடைக்கவும் அந்த வேலை உதவியது.

சுனாமிகாவை விலைக்கு விற்பதில்லை. அது அன்பளிப்பாகவே தரப்படுகிறது; பெறுபவர் விரும்பினால் நன்கொடை தரலாம், அந்த நன்கொடையிலிருந்து பொம்மை செய்யும் பெண்களுக்கு ஊதியம் போகும். லட்சக்கணக்கான பொம்மைகள் இப்படிப் பல நாடுகளுக்குப் போயின.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கலைவழி நிவாரணத்தின் உள்ளமைப்பு புரியும். சேக்குட்டியைச் செய்தவர்கள் வெளியார், பயன்பெற்றவர்கள் நெசவாளர். சுனாமிகாவைச் செய்தவர்களே பயன்பெற்றவர்கள். சேந்தமங்கலத்து நெசவாளருக்குக் கைத்தொழில் ஏற்கெனவே இருந்தது. அவர் பொம்மை செய்யக் கற்க வேண்டியதில்லை, தறிக்குத் திரும்ப வேண்டும், ஆகவே பொம்மை வேலையைப் பிறர் ஏற்றுக்கொண்டது சரி. மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்கோ படகும் வலையும் போய்விட்ட நிலையில் விற்க மீனே இல்லை, அவருக்குப் புதிய வேலையும் துணையும் தேவைப்பட்டன. எது பொருந்தும் என்பதை முடிவு செய்ய வேண்டியது பாதிக்கப்பட்டவரின் நிலைமைதான். உதவ வருபவரின் விருப்பம் அன்று.

தெருமுனைக் கடை

கலைக்கு அடுத்தது கடை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது எங்கள் பகுதியில் மூன்று நாள் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, ஏடிஎம்கள் இயங்கவில்லை. கையில் இருந்த பணம் தீர்ந்த பிறகு, வங்கியில் பணம் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில்தான் நின்றோம். தெருமுனை மளிகைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீளமான ஒரு நோட்டில் பெயரும் பொருளும் எழுதிக்கொண்டிருந்தார். நகரில் பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்கிறது என்ற பேச்சு அடிபட்ட நாள்களில் அவர் அச்சிட்ட விலைக்கே கொடுத்தார்; கைக்குழந்தை உள்ள வீடு எது என்று அவருக்குத் தெரியும், ஆதலால் வந்த பாலில் முதல் பங்கு அந்த வீடுகளுக்குப் போயிற்று. எந்தத் தொண்டு நிறுவனத்திடமும் அந்தப் பட்டியல் இல்லை. அது அவர் மனத்தில் இருந்தது.

சிறு கடை நிவாரணத்தில் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை என்னால் தர இயலாது. அவரிடம் சரக்கு இருக்கிறது, அதைச் சேமிக்கும் இடம் இருக்கிறது, மனிதர்களைப் பற்றிய அறிவு இருக்கிறது, கடன் தரும் நம்பிக்கை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அமைப்பு இந்த நான்கையும் உண்டாக்கிக்கொள்வதற்குள் பேரிடரே முடிந்துவிடும்.

கேரளத்தில் இதற்கு எடுத்துக்காட்டுகள் பல உண்டு. 2018-இல் தனியார் பேருந்து உரிமையாளர்கள் ஒரு நாள் வசூல் முழுவதையும் வெள்ள நிதிக்கு விட்டுக்கொடுத்தார்கள். சில வழித்தடங்களில் அன்று நடத்துநர் பயணச்சீட்டுக்குப் பதிலாக வாளியை நீட்ட, பயணிகள் கட்டணத்துக்கும் மேலாகப் போட்டுவிட்டு இறங்கினார்கள். 2019-இல் மறுபடி வெள்ளம் வந்தபோது, எறணாகுளம் பிராட்வேயில் நடைபாதையில் துணி விற்ற ஒரு வியாபாரி, உடை சேகரிக்க வந்தவர்களைத் தம் கிடங்குக்கு அழைத்துச் சென்று, பெருநாள் விற்பனைக்கு வைத்திருந்த புதிய துணிகளை மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொடுத்தார். பழந்துணி குவிந்த கடற்கரையை நினைத்துப் பார்த்தால், புத்தம் புதிய துணியை அவர் எடுத்துக்கொடுத்ததன் அருமை புரியும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளைப் புதைத்த நிலச்சரிவில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, கொல்லத்தில் சிறு டீக்கடை நடத்தும் ஒரு மூதாட்டி 10,000 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இவை தனிமனிதரின் ஈகை. இதைப் பலர் சேர்ந்து செய்யும் முறையும் அங்கே வேரூன்றியிருக்கிறது. பிரியாணி சேலஞ்ச் என்று அதைச் சொல்கிறார்கள். இளைஞர் அமைப்பு ஒன்று நாள் குறித்து, வீடு வீடாக முன்பதிவு வாங்கும். அரிசியை ஒரு கடையும், கோழியை ஒரு கடையும், பாத்திரத்தை வாடகைப் பாத்திரக் கடையும் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தரும். சமையல்காரர் கூலி வாங்கமாட்டார். பொட்டலம் கட்டிப் பகிர்வது இளைஞர்கள். எடுத்துக்காட்டாக, பொட்டலம் 120 ரூபாய், செலவு 50 ரூபாய் என்று கொண்டால், ஆயிரம் பொட்டலம் விற்றால் 70,000 ரூபாய் நிதிக்குப் போகும். வாங்குபவருக்குப் பகல் உணவு கிடைக்கிறது. யாரும் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. முன்பதிவு வாங்குவதுதான் இதன் உயிர்நாடி. அது இல்லாமல் சமைத்தால் மீந்துபோன சோறு நட்டக் கணக்கில் ஏறும்.

கடைக்காரரே பாதிக்கப்பட்டவராக இருக்கும்போது என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். சிறு கடைகளில் பலவற்றுக்குக் காப்பீடு இராது. சரக்கு நனைந்தால் அவருடைய முதலும் நனைந்தது. மொத்த வியாபாரிக்கு அவர் தர வேண்டிய பாக்கி அப்படியே இருக்கும், அவருக்கு வர வேண்டிய பாக்கியை எழுதிய கடன் நோட்டு வெள்ளத்தில் போயிருக்கும். அத்தகைய கடைக்கு வாடிக்கையாளர் செய்யக்கூடிய முதல் நிவாரணம், தம் பழைய பாக்கியைத் தாமே நினைவு வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது. அடுத்தது, அடுத்த மாதச் சாமானுக்கு முன்பணம் தருவது. மறுபடி சரக்கு எடுக்க அந்த முன்பணம் அவருக்கு வட்டியில்லா முதலாகிறது.

தொடங்க விரும்புவோருக்கு

உங்கள் பகுதியில் இத்தகைய முயற்சியைத் தொடங்குவதற்கு முன் பாதிக்கப்பட்டவர்களிடம் போய்க் கேளுங்கள். கோலமோ ஓவியமோ தெருக்கூத்தோ மண்பாண்டமோ, எந்தக் கலை உங்களுக்குக் கைவந்தது என்பது அதன் பிறகு வரட்டும். அவர்களிடம் எஞ்சியிருப்பது என்ன என்பதைப் பாருங்கள்: கறை படிந்த துணியா, விழுந்த மரமா, நனைந்த நூலா. பொருள் அவர்களுடையதாக இருந்தால் விற்பனையில் அவர்கள் உரிமையோடு பங்கு கேட்கலாம். வெறும் இரக்கத்தின் பெயரில் விற்கும் பொருளில் அந்த உரிமை எழாது.

பணத்தை ஒரே கணக்கில் வாங்குங்கள். விற்றது எத்தனை, செலவு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதைக் கடை வாசலில் எல்லோரும் படிக்கும்படி எழுதி ஒட்டுங்கள். விற்பனையில் ஒரு பங்கை நிவாரணத்துக்குத் தருவதாகச் சொல்லும் கடையிடம், அந்தப் பங்கு விலையிலா லாபத்திலா, எந்த நாள் வரை என்று வாடிக்கையாளர் கேட்பது தவறன்று. நேர்மையான கடைக்காரர் அந்தக் கேள்வியை வரவேற்பார். ஓவியரையும் இசைக் கலைஞரையும் இலவசமாக வேலை செய்யச் சொல்வதற்கு முன், அவர்களும் அதே வெள்ளத்தில் வருமானம் இழந்தவர்களா என்று விசாரியுங்கள். கச்சேரியும் கண்காட்சியும் ரத்தான மாதத்தில் கலைஞரிடம் நன்கொடையாக ஓவியம் கேட்பது, நனைந்த கடையிடம் அரிசி கேட்பது போன்றதுதான். அவருக்கு வண்ணத்தின் செலவையும் ஓரளவு ஊதியத்தையும் கொடுத்துவிட்டு மிச்சத்தை நிதிக்குச் சேர்ப்பது முறை.

பாதிக்கப்பட்டவரின் முகத்தை விளம்பரத்தில் போடுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: வேண்டாம். சேக்குட்டியின் முகத்தில் வெறும் புள்ளிகளே இருந்தன. எந்த நெசவாளரின் கண்ணீரும் காட்டப்பட வேண்டிய தேவை இன்றியே அந்தப் பொம்மை தன் கதையைச் சொல்லிற்று.

கடைசியாக, பொம்மையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். பாழான சேலைக்கு ஓர் எண்ணிக்கை உண்டு. அது தீர்ந்ததும் அந்த வழி முடிந்தது. தறி அப்படியே கிடந்தால் நெசவாளரின் நிலை மாறாது. குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, காலைக் குழிக்குள் இறக்கி மிதியை மிதிக்க வேண்டும். குழியில் நீர் ஊறும்வரை வேலை நடக்காது. பாவு நூல்களைத் தூக்கி இறக்கும் விழுதையும், ஊடை நூலை நெருக்கி அடிக்கும் அச்சையும் மாற்ற வேண்டும், புது நூல் வாங்கி, தறியில் நீளவாக்கில் கட்டும் பாவை ஓட்ட வேண்டும். சேந்தமங்கலத்தில் தறிகளைச் சீர்செய்யும் இந்த வேலையை, சேவ் த லூம் போன்ற முயற்சிகள் தனியாக எடுத்துச் செய்தன. பொம்மை ஈட்டிய பணமும், அது ஈட்டிய பெயரும், அப்படி மறுபடி ஓடத் தொடங்கிய தறியிலிருந்து வரும் கறையற்ற புதுத் துணியை அடுத்த ஓணத்துக்கு முழு விலை கொடுத்து வாங்க எத்தனை பேரைக் கூட்டி வருகின்றனவோ, அதுவே நெசவாளருக்கு நிலைக்கும் வருமானம்.